மூன்று தடவை பெயர் கூப்பிட்டார்கள்

அம்மாவின் பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில், என்னுடைய தங்க மெடல் ஒன்று கிடக்கிறது. மாவட்ட அளவிலான பெண்கள் குத்துச்சண்டை, 57 கிலோ பிரிவு, 2013. அதை வாங்க நான் ஒரு குத்துகூட விடவில்லை. என் எடையில் பெயர் கொடுத்திருந்தது மொத்தமே இரண்டு பேர், அதில் இன்னொருத்தி வரவில்லை, அவ்வளவுதான் கதை.

வாக் ஓவர் எப்படி நடக்கும் என்று பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். எதிராளி வரலை, நீ ஜெயிச்சாச்சு, போய் டீ குடி என்று அனுப்பிவிட மாட்டார்கள். கையில் துணி சுற்றி, கிளவுஸ் மாட்டி, ஹெட்கார்டு போட்டு, கம் ஷீல்டைக் கடித்துக்கொண்டு முழு வேஷத்தோடு ரிங்குக்குள் ஏறி நிற்க வேண்டும். மைக்கில் எதிர் மூலைக்காரியின் பெயரைக் கூப்பிடுவார்கள். கொஞ்சம் விட்டு இன்னொரு தடவை. அப்புறம் மூன்றாவது தடவை. மணி அடிக்கும், நடுவர் நம் கையைப் பிடித்துத் தூக்குவார், நாலு பக்கமும் கும்பிட்டுவிட்டு இறங்க வேண்டும். நான் அவ்வளவு நேரமும் அந்த நீல மூலையையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், அதன்மேல் முந்தைய சண்டைக்காரன் யாரோ விட்டுப்போன பாதித் தண்ணீர் பாட்டில். இத்தனை வருடம் கழித்தும் அந்த பாட்டில் கண்ணில் அப்படியே நிற்கிறது. இறங்கி வந்ததும் பெரியப்பா கேட்டார், "சண்டையே போடாம கோல்டா? நல்ல தொழிலா இருக்கே!" வீட்டுக்கு வந்து அழுதேன். அம்மா நான் ஏதோ அடிபட்டு அழுகிறேன் என்று நினைத்து மஞ்சள் பத்து போட வந்தாள்.

இதை இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் கேட்டி டெய்லர். அயர்லாந்துக்காரி, தொழில்முறை குத்துச்சண்டையில் இரண்டு எடைப் பிரிவுகளில் எல்லா பெல்ட்டையும் சேர்த்து வைத்திருந்தவள். அவளைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் ஒலிம்பிக் தங்கத்தில் ஆரம்பித்து பெல்ட் கணக்கில் முடிப்பார்கள். எனக்கு அவள் கதை முழுக்க வேறு மாதிரித்தான் தெரிகிறது. எதிரே நிற்க ஆள் தேடிய கதை அது.

1986-ல் டப்ளினுக்குத் தெற்கே ப்ரே என்ற கடற்கரை ஊரில் பிறந்தாள். அப்பா பீட்டர் டெய்லர் எலக்ட்ரீஷியன், அவரும் குத்துச்சண்டைக்காரர், அவர்தான் பயிற்சியாளர். பத்துப் பன்னிரண்டு வயதில் இவள் கிளவுஸ் மாட்டியபோது அயர்லாந்தில் பெண்களுக்கு அதிகாரபூர்வமான குத்துச்சண்டையே கிடையாது. அதனால் பையன்களோடு சண்டை. பட்டியலில் 'கே. டெய்லர்' என்று மட்டும் போடுவார்கள், ஹெட்கார்டுக்குள் முடியைத் திணித்துக்கொண்டு ஏறுவாள், சண்டை முடிந்து ஹெட்கார்டைக் கழற்றும்போதுதான் தோற்ற பையனுக்கும் அவன் அப்பனுக்கும் விஷயம் தெரியும். அந்த ஊர் கிளப்பில் கழிப்பறைகூட இல்லை, பக்கத்தில் இருந்த மதுக்கடைக்குத்தான் போக வேண்டுமாம். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நான் பயிற்சிக்குப் போன இடத்திலும் பெண்களுக்கென்று பாத்ரூம் இல்லை. உடை மாற்ற எதிர்வீட்டு அக்காவிடம் போய் நிற்பேன், அந்த அக்கா ஒவ்வொரு நாளும் "இன்னிக்கும் அடி வாங்கினியா?" என்று விசாரித்துவிட்டுத்தான் தாழ்ப்பாளைத் திறப்பார்.

அவளுக்கு முன்னால் அயர்லாந்திலிருந்து போனவர் டெர்ட்ரே கோகர்ட்டி. சொந்த நாட்டில் விடமாட்டேன் என்றதால் அமெரிக்காவின் லூசியானாவுக்குப் போய்த் தொழில்முறைச் சண்டைக்காரி ஆனவர். 1996-ல் மைக் டைசனும் ஃபிராங்க் புரூனோவும் மோதிய அன்று, அதற்கு முன்னோட்டமாக அமெரிக்காவின் கிறிஸ்டி மார்ட்டினோடு ஆறு ரவுண்டு சண்டை போட்டார். மார்ட்டினின் மூக்கிலிருந்து ரத்தம் வழிய வழிய அவர் ஜெயித்தார், கோகர்ட்டி தோற்றார், ஆனால் அன்றைக்கு ஜனம் பேசிக்கொண்டே போனது டைசனைப் பற்றியல்ல, இவர்கள் இருவரைப் பற்றித்தான். பக்கத்து இங்கிலாந்தில் இன்னும் வேடிக்கை. ஜேன் கவுச் என்ற பெண் லைசென்ஸ் கேட்டபோது, மாதவிலக்குச் சமயத்தில் பெண்களுக்கு மனநிலை சரியிருக்காது, ஆகவே சண்டைக்கு லாயக்கில்லை என்று அங்கிருந்த வாரியம் வாதாடியது. 1998-ல் அவர் வழக்குப் போட்டு ஜெயித்துத்தான் லைசென்ஸ் வாங்கினார். நம்ம ஊரில் மட்டும்தான் இப்படியெல்லாம் பேசுவார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2001 அக்டோபர் 31. கேட்டிக்கு 15 வயது. டப்ளின் நேஷனல் ஸ்டேடியத்தில் அயர்லாந்தின் முதல் அதிகாரபூர்வப் பெண்கள் சண்டை. எதிரே ஒரு பெண்! ஜெயித்தாள் என்பதெல்லாம் அப்புறம். எதிர் மூலையில் ஒருத்தி வந்து நின்றாளே, அதுதான் எனக்குப் பெரிய செய்தி.

2006-ல் அவள் முதல் உலக சாம்பியன்ஷிப்பை ஜெயித்தது எங்கே தெரியுமா? நம்ம டெல்லியில், தால்கடோரா அரங்கில். அதே போட்டியில் இந்தியாவுக்கு மேரி கோம், சரிதா தேவி, ஜென்னி, கேரளத்துப் பெண் லேகா என்று நாலு தங்கம். அப்போது நான் ஏழாம் வகுப்போ எட்டோ, எங்கள் வீட்டுக்கு வரும் பேப்பரில் அன்றைக்கெல்லாம் கிரிக்கெட்தான். அதற்கப்புறம் 2008, 2010, 2012, 2014 என்று வரிசையாக, மொத்தம் ஐந்து உலகப் பட்டம். இடையில் அயர்லாந்துக்காகக் கால்பந்தும் ஆடியிருக்கிறாள்.

ஒலிம்பிக்கில் பெண்கள் குத்துச்சண்டையைச் சேர்க்கலாம் என்று முடிவானது 2009-ல். சேர்த்தார்கள், ஆனால் ஆண்களுக்குப் பத்து எடை, பெண்களுக்கு மூன்றே மூன்று: 51, 60, 75. மேரி கோம் தன் எடையை விட்டுவிட்டு உடம்பைக் கூட்டி 51-க்கு வந்துதான் லண்டனில் வெண்கலம் வாங்கினார். என்னைப் போல 57-ல் இருக்கிறவள் மூன்று கிலோ தின்று ஏற வேண்டும், இல்லாவிட்டால் ஆறு கிலோ பட்டினி கிடந்து இறங்க வேண்டும். கேட்டிக்கு அந்தக் கவலையில்லை, அவள் பிறவி 60. 2012 ஆகஸ்ட் 9-ந்தேதி ரஷ்யாவின் சோஃபியா ஒச்சிகாவாவை 10-8 என்று ஜெயித்தாள். தொடக்கவிழாவில் அயர்லாந்துக் கொடி பிடித்துப் போனவளும் அவள்தான். அந்தச் சண்டையைப் பார்த்த ஜோரில்தான் நான் காலேஜ் இரண்டாம் வருடத்தில் போய் மாஸ்டரிடம் சேர்ந்தேன்.

வேலூரில் குத்துச்சண்டையா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். குத்துச்சண்டை என்றால் வடசென்னை, பரம்பரை பரம்பரையாக அங்கேதான். எங்கள் சத்துவாச்சாரி பளு தூக்குகிற ஊர். தெருவுக்கு ஒருவர் ஏதாவது ஒரு காலத்தில் இரும்பு தூக்கியிருப்பார். சதீஷ் சிவலிங்கம் எங்கள் ஏரியாக்காரர், 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம், 2018 கோல்டு கோஸ்டில் மறுபடியும் தங்கம். ஏன் இங்கே பளுதூக்குதல் வளர்ந்தது, குத்துச்சண்டை வளரவில்லை என்று எனக்கு ஒரு சொந்த விளக்கம் உண்டு. இரும்பு லீவு போடாது. அதிகாலை அஞ்சு மணிக்குப் போனாலும் அது அங்கேயே இருக்கும், கல்யாணம் ஆகி வேறு ஊருக்குப் போகாது, பரீட்சை என்று நிற்காது, அவங்க வீட்டில் விடலை என்று சொல்லியனுப்பாது. குத்துச்சண்டைக்கு உன் எடையில், உன் வயதில், அடி வாங்கச் சம்மதிக்கிற இன்னொரு உயிர் வேண்டும். பத்து பையன்கள் இருந்த எங்கள் இடத்தில் பெண் நான் ஒருத்தி. பையன்கள் ஒன்று, என்னை அடிக்கவே மாட்டார்கள், பூ மாதிரி தொடுவார்கள். இல்லாவிட்டால் நான் நன்றாக ஒன்று வைத்துவிட்டால் ரோஷம் வந்து வெறியோடு அடிப்பார்கள். நடுவில் ஒன்று கிடையாது. ஸ்பாரிங் என்கிற பயிற்சிச் சண்டை அந்த நடுவில்தான் இருக்கிறது.

இன்னொன்று சொல்ல வேண்டும், சம்பந்தமில்லாததுதான். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று எங்களைச் சுற்றிலும் தோல் ஊர்கள். உலகம் முழுக்க ஷூ போகிறது. ஆனால் எனக்கு கிளவுஸ் மீரட்டிலிருந்து வந்தது. அதுவும் மூன்று பேர் மாற்றி மாற்றிப் போட்டது, உள்ளே கையை விட்டால் போன வாரத்து வியர்வை பிசுபிசுக்கும், எலுமிச்சைத் தோல் போட்டு வைத்துப் பார்த்தேன், எலுமிச்சையும் நாறியது.

சரி, கேட்டிக்கு வருவோம். 2016 ரியோவில் அவள் கால் இறுதியிலேயே ஃபின்லாந்தின் மீரா போட்கோனெனிடம் தோற்றாள். அதற்குள் அப்பாவும் பயிற்சியிலிருந்து விலகியிருந்தார். முப்பது வயது, எல்லாம் முடிந்தது என்று எழுதினார்கள். அந்த நவம்பரிலேயே தொழில்முறைக்கு வந்துவிட்டாள். அமெரிக்காவில் கனெக்டிகட்டில் ராஸ் எனமைட் என்ற பயிற்சியாளரிடம் போய், தெரிந்த மனுஷர் யாருமில்லாத ஊரில் தங்கிக்கொண்டு வேலை. அடுத்த அக்டோபரில், ஒரு வருடம்கூட நிறையாமல், கார்டிஃப்பில் டபிள்யூபிஏ என்ற அமைப்பின் உலகப் பட்டம்.

தொழில்முறையில் பெண்களுக்குப் பொதுவாக ரவுண்டு இரண்டு நிமிடம், பட்டச் சண்டை பத்து ரவுண்டு. ஆண்களுக்கு மூன்று நிமிடம், பன்னிரண்டு ரவுண்டு. இரண்டு நிமிடம் என்றால் இளப்பமாக நினைக்காதீர்கள், நேரம் குறைவு என்பதால் யாரும் சுற்றிச் சுற்றி வந்து நோட்டம் பார்ப்பதில்லை, மணி அடித்ததும் அடிதடிதான். பின்னால் கேட்டியோடு மூன்று தடவை மோதிய அமண்டா செரானோவுக்கு அது பிடிக்கவில்லை, எங்களுக்கும் ஆண்கள் கணக்குத்தான் வேண்டும் என்று 2023-ல் பன்னிரண்டு ரவுண்டு, மூன்று மூன்று நிமிடம் சண்டை போட்டுக் காட்டினாள், அதை ஒத்துக்கொள்ளாத அமைப்பின் பெல்ட்டையும் தூக்கிக் கொடுத்துவிட்டாள். எனக்கு இந்த விஷயத்தில் செரானோ பக்கம்தான்.

2019 ஜூன் 1, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். பெல்ஜியத்தின் டெல்ஃபின் பெர்சூனோடு சண்டை. பெர்சூன் போலீஸ்காரி. அழகாகவெல்லாம் குத்தத் தெரியாது, மழை மாதிரி விழுந்துகொண்டே இருக்கும். கேட்டியின் முகம் வீங்கிப்போனது. இரண்டு நடுவர்கள் 96-94 கேட்டிக்கு, ஒருவர் 95-95. நாலு அமைப்புகளின் பெல்ட்டும் கேட்டியிடம். பெர்சூன் அழுதாள், பார்த்தவர்களில் பாதிப் பேர் அவள்தான் ஜெயித்தாள் என்றார்கள், உண்மையைச் சொன்னால் நானும் அந்தப் பாதியில்தான். ஆனால் அதற்கப்புறம் கேட்டி செய்ததுதான் முக்கியம், அடுத்த வருடமே கொரோனா சமயத்தில், ஆளில்லாத ஒரு தோட்டத்தில் ரிங் போட்டு, பெர்சூனையே மறுபடி எதிர்கொண்டு தெளிவாக ஜெயித்தாள். கஷ்டப்படுத்தியவளை விட்டு ஓடுகிறவர்கள்தான் இந்தத் தொழிலில் அதிகம்.

2022 ஏப்ரல் 30, நமக்கு மே 1 காலை. அதே மேடிசன் ஸ்கொயர் கார்டனில் முதல் தடவையாக இரண்டு பெண்களின் சண்டைதான் அன்றைய முக்கியச் சண்டை. கேட்டியும் அமண்டா செரானோவும். செரானோ போர்ட்டோ ரிக்கோவில் பிறந்து புரூக்ளினில் வளர்ந்தவள், ஏழு எடைகளில் பட்டம் வாங்கியவள், இடது கை முன்னால் அல்ல, பின்னால் இருந்து வரும். ஐந்தாவது ரவுண்டைப் பார்க்க வேண்டும். கேட்டியை மூலையில் வைத்து அந்த இடது கையால் வாங்கு வாங்கு என்று வாங்கினாள். மூக்கில் ரத்தம், கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. முடிந்தது என்று நினைத்தேன். கேட்டி தாங்கினாள், ஆறாவதில் ஒட்டிக்கொண்டே சமாளித்தாள், எட்டாவதிலிருந்து மறுபடி காலை எடுத்து நகர ஆரம்பித்தாள், பத்தாவதில் இரண்டு பேரும் மூளையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அடித்துக்கொண்டார்கள். ஒரு நடுவர் செரானோவுக்கு, இருவர் கேட்டிக்கு. இருவருக்குமே பத்து லட்சம் டாலருக்கு மேல் சம்பளம்.

அப்புறம் டப்ளினில் செரானோவோடு இரண்டாவது சண்டை என்று ஏற்பாடானது. செரானோவுக்குக் காயம், வர முடியவில்லை. இந்த இடத்தில்தான் நான் படித்துக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு எழுந்து போய் தண்ணீர் குடித்தேன். எதிராளி வரவில்லை. கேட்டி என்ன செய்தாள்? லேசான ஆள் யாரையாவது நிறுத்தி ஊர் ஜனத்துக்கு முன்னால் ஜெயித்துக் காட்டியிருக்கலாம். அவள் தன் எடையை விட ஒரு படி மேலே, 140 பவுண்டில் (சுமார் 63.5 கிலோ), எல்லா பெல்ட்டையும் வைத்திருந்த தோற்காத சான்டெல் கேமரனைத் தானே கூப்பிட்டாள். 2023 மே 20, தொழில்முறைக்கு வந்து முதல் தடவையாகச் சொந்த நாட்டில் சண்டை, அங்கேயே முதல் தோல்வி. ஆறே மாதத்தில், அதே டப்ளினில், அதே கேமரனை மறுபடி கூப்பிட்டு ஜெயித்தாள்.

2024 நவம்பரில் டெக்சாஸில் செரானோவோடு இரண்டாவது சண்டை. யூடியூப்காரர் ஜேக் பாலுக்கும் டைசனுக்கும் ஒரு கூத்து நடந்ததே, அதற்கு முன்னால் நடந்தது. நெட்ஃபிளிக்ஸில் வந்ததால் அம்மாவையும் உட்கார வைத்துவிட்டேன். செரானோவின் வலது கண்ணுக்கு மேல் கிழிந்து ரத்தம். தலை தலையோடு மோதியதில் வந்தது, அதற்காக எட்டாவது ரவுண்டில் கேட்டிக்கு ஒரு புள்ளி வெட்டினார்கள். மூன்று நடுவர்களும் 95-94 கேட்டிக்கு. கணக்குத் தெரியாமல் ஊரே திட்டியது. ரவுண்டை ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்கு 9. ஆறு ரவுண்டு ஒருவருக்கு, நாலு மற்றவருக்கு என்றால் 96-94. வெட்டிய ஒன்றைக் கழித்தால் 95-94. ஆக மூன்று பேருமே கேட்டிக்கு ஆறு ரவுண்டு கொடுத்திருக்கிறார்கள். நான் இதை அம்மாவுக்கு பால் கணக்கு நோட்டில் எழுதியே காட்டினேன். அம்மா கேட்கவில்லை. "தலையால முட்டிட்டு கணக்கு இன்னா கணக்கு? ரத்தம் வந்துச்சே அந்தப் பொண்ணுக்குத்தான் குடுத்திருக்கணும்." நான் ரத்தப் பரிசோதனை லேப்பில் வேலை பார்க்கிறவள், ரத்தத்தை வைத்து என்னை மடக்க முடியாது, ஆனாலும் அன்றைக்கு எனக்கும் செரானோ ஜெயித்த மாதிரிதான் இருந்தது.

மூன்றாவது சண்டைக்குத் தேதியே சொல்லிவிடுகிறேன்: 2025 ஜூலை 11, நமக்கு 12 சனிக்கிழமை காலை. மறுபடியும் கார்டன், அன்றைக்கு மேடையில் முழுக்கப் பெண்கள் சண்டை மட்டும். அம்மா தோசைக் கரண்டியோடு அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடந்துகொண்டிருந்தாள். இந்தத் தடவை ரத்தக்களரி இல்லை. கேட்டிக்கு 39 வயது, செரானோவுக்கும் முப்பது தாண்டி வெகுநாள், கேட்டி தூரத்தில் நின்று விளையாடினாள், உள்ளே வராமல், வந்தால் ஒன்று வைத்துவிட்டு விலகி. இரண்டு பேர் 97-93, ஒருவர் 95-95. மூன்றுக்கு மூன்று கேட்டி. முதல் இரண்டைப் பார்த்தவர்களுக்குச் சப்பென்றுதான் இருந்தது, எனக்குப் பிடித்திருந்தது. கேட்டி எப்போதும் அதிகம் பேசமாட்டாள், கர்த்தருக்கு நன்றி சொல்வாள், எதிராளியைப் பாராட்டுவாள், போய்விடுவாள்.

அம்மா டிவியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள், "இன்னா, மறுபடியும் இவங்க ரெண்டு பேருக்குமேவா? வேற ஆளே கெடைக்கலயா அவளுக்கு?"

"கெடைக்கறதுதாம்மா கஷ்டம். இந்த மாதிரி ஒருத்தி கெடைச்சா விடக்கூடாது."

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. தோசையைத் தட்டில் போட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு உனக்கு ஒரு பொண்ணு வரலன்னு சொன்னியே. ஏன் வரலன்னு கேட்டியா?"

கேட்கவில்லை. பெயர் தெரியும், அரக்கோணம் பக்கம் என்று பட்டியலில் இருந்தது, அப்போது அதுவும் வேலூர் மாவட்டம்தான். காய்ச்சலா, வீட்டில் விடவில்லையா, என்னைப் பார்த்து பயமா, எடை கூடிவிட்டதா, ஒன்றும் தெரியாது. என் மெடலுக்கு மதிப்பில்லாமல் போச்சே என்றுதான் இத்தனை வருடம் அழுதிருக்கிறேன். அவள் பெயரை மூன்று தடவை கூப்பிட்டது அவளுக்குத் தெரியுமா என்பதுகூட எனக்குத் தோன்றியதில்லை.

"இல்லம்மா."

"காத்தால எத்தினி மணிக்கு வரச்சொல்லியிருந்தாங்க?"

"ஆறரைக்கு. வெயிட் பாக்க."

"அரக்கோணத்துலருந்து ஆறரைக்கா," என்றாள் அம்மா. "பொட்டப்புள்ள, இருட்டுல, எந்த பஸ்ஸ புடிச்சு வருவா?"